கொக்கு பாக்கப் போய் கொக்கிஸ் சாப்பிட்ட கதை: கொழும்புச் சதுப்பில நாலு நாள்

முதல்லயே சொல்லிடுறன், எனக்கு பறவை ஒண்டும் தெரியாது. காகம், கோழி, புறா, மிச்சம் எல்லாம் கொக்கு. வெள்ளவத்தைக்கு வந்து 14 வருசம், கொழும்பு எண்டா எனக்கு காலி வீதியும் கடலும் ட்ராபிக்கும்தான். இந்தச் சித்திரை லீவுக்கு அக்காட மகன் யாழ்ப்பாணத்தில இருந்து வந்தவன், அவனுக்கும் 14 வயசு. ரெண்டு வருசத்துக்கு முதல் வாய் மூடாத பெடியன், இப்ப என்ன கேட்டாலும் "ம்", கேக்காட்டி அதுவும் இல்ல. அக்கா போன்ல சொன்னது ஒரே ஒரு விசயம், "அந்த போனைப் பறிச்சுப்போட்டு அவனை எங்கயாவது கூட்டிக்கொண்டு போ". அவன்ட பைக்குள்ள பாத்தா ஒரு பைனாகுலர். பள்ளிக்கூடத்து சேர் இரவல் குடுத்தவராம், லீவு முடிய இளம் நாரைகளைப் பற்றி ஒப்படை ஒண்டு குடுக்கோணுமாம். சரி போவம் எண்டன். அவ்வளவுதான் திட்டம்.

ஏப்ரல் 15, செவ்வாய்

வருசம் பிறந்த அடுத்த நாள் கொழும்பில வெளிக்கிடுற ஆள் ஒண்டில் வெளிநாட்டுக்காரன், இல்லாட்டி என்னை மாதிரி. காலி வீதியில நாய் படுத்திருக்கு, நடு ரோட்டில. காலைச் சாப்பாட்டை வெளியில பாப்பம் எண்டு வீறாப்பா வந்து, பாமன்கடை தாண்டும் மட்டும் ஒரு கடை திறந்திருக்கேல்ல. ஆப்பில புக் பண்ணின ஓட்டோக்காரர் ரெண்டு பேர் கான்சல் பண்ணி மூண்டாவது ஆள் வந்தவர், ஊருக்குப் போகாத ஒரே ஆளாம், மனுசியோட சண்டையாம், கேக்காமலே சொன்னார்.

முதல் போன பார்க் பூட்டு. கேற்றில ஒரு அறிவித்தலும் இல்ல, உள்ள ஒரு காவலாளி கதிரையில நித்திரை. மருமகன் ஒண்டும் சொல்லேல்ல, ஆனா மூஞ்சை கீழ போட்டுது. ஓட்டோ அண்ணைதான், "லத்துவெக்கியா பாக்கவா? தலங்கமவுக்கு போவம், அதுக்கு கேற்றே இல்ல" எண்டு சிங்களத்தில சொல்லி திருப்பினார், லத்துவெக்கியா எண்டா நாரை. 1300 ரூவா முடிஞ்சுது, வருசத்துக்கு எண்டு 200 கூடக் குடுத்தன்.

தலங்கம ஒரு குளம். கரையால ஒடுங்கின ரோட்டு, ஒரு பக்கம் தண்ணி, மற்றப் பக்கம் வயல். பாராளுமன்றத்தில இருந்து கூப்பிடு தூரம் எண்டு சொன்னா நம்பமாட்டீங்க, வவுனியாப் பக்கம் ஏதோ குளக்கட்டில நிக்கிற மாதிரி. ஆகாயத்தாமரை மேல நீலக் கலர் கோழி ஒண்டு நடக்குது, நீர்க்காகம் செட்டையை விரிச்சு உடுப்புக் காயப்போட்ட மாதிரி நிக்குது.

தூரத்தில நாலஞ்சு பெரிசு. மஞ்சள் சொண்டு, மூஞ்சை செம்மஞ்சள், வாலடியில ரோஸ் கலர் இறகு, யாரோ ஹோலிக்குப் போய் வந்த மாதிரி. புத்தகத் தமிழில சங்குவளை நாரை. அதுகளுக்குப் பக்கத்தில ரெண்டு ஊத்தைப் பழுப்பு, ரோஸும் இல்ல ஒண்டும் இல்ல, கழுவாத சட்டை மாதிரி. "இது வேற சாதி போல" எண்டன். மருமகன் பைனாகுலரை எடுக்காமலே, "அதுதான் மாமா குஞ்சு. போன வருசத்தது. அந்தக் கலர் வர ரெண்டு மூண்டு வருசம் எடுக்கும்". காலையில இருந்து அவன் பேசின முதல் முழு வசனம் அது.

நான் விடுவனா, எனக்குத் தெரிஞ்சதையும் காட்டோணும் எல்லோ. "ஓடுமீன் ஓட உறுமீன் வருமளவும்" எண்டு தொடங்கினன், சின்ன வகுப்பில அடிச்சுப் பாடமாக்கினது. அவன் சிரிச்சான். "அது கொக்கு மாமா. நாரை காத்துக்கொண்டு நிக்காது. பாருங்க." பாத்தன். சொண்டை அரைவாசி திறந்து தண்ணிக்குள்ள விட்டு, இஞ்சால அங்கால ஆட்டிக்கொண்டு நடக்குது, காலால சேத்தைக் கிளறுது, கண் தண்ணியைப் பாக்கிறதே இல்ல. சொண்டில மீன் முட்டினா டக்கெண்டு மூடும். குருடன் சட்டிக்குள்ள கை விட்டு மீன் தேடுற மாதிரி. கலங்கின தண்ணியிலயும் பிடிக்கலாமாம். பழுப்பு ரெண்டும் அதையேதான் செய்யுது, ஆனா மூடினா சொண்டுக்குள்ள இலை, குச்சி. ஒருக்கா ஒரு பிளாஸ்டிக் துண்டு. துப்பிப்போட்டு திருப்பியும்.

பசி. பத்து மணி, ஒரு பிளேன் டீ கூட இல்ல. குளக்கரையில ஒரு சிங்களக் குடும்பம் பாய் விரிச்சு இருந்தவை, அம்மா எங்களைப் பாத்திட்டு ஒரு வார்த்தை கேக்காம தட்டில கவும், அலுவா, வாழைப்பழம், ஒரு குவியல் கொக்கிஸ் வைச்சு சின்னப் பிள்ளையிட்ட குடுத்து விட்டா. வேண்டாம் எண்ட ஏலாது, வருசப் பலகாரம். கொக்கு பாக்க வந்து கொக்கிஸ் சாப்பிட்டம் எண்டன், மருமகன் "ஐயோ மாமா" எண்டு தலையில கை வைச்சான். தட்டை வெறுமையா திருப்பிக் குடுக்கக் கூடாது எண்டு என்ட பாக்கில கிடந்த ஒரு பக்கற் பிஸ்கட்டை வைச்சுக் குடுத்தன், பாதி நொறுங்கினது, அதுக்கும் சிரிச்சினம்.

பின்னேரம் மழை, இடி, நனைஞ்சு வீட்ட வந்தா அம்மா (அவனுக்கு அம்மம்மா) வாசல்லயே நிக்கிறா. கதையைக் கேட்டிட்டு மதுரை நாரைக் கதையைத் தொடங்கிட்டா. பொற்றாமரைக் குளத்துக்கு வந்த நாரை, முனிவர்மார் குளிக்கிற தண்ணியில இருக்கிற மீனைத் தின்னக்கூடாது எண்டு பட்டினி கிடந்ததாம், சிவன் வந்து முத்தி குடுத்தாராம், இனிமேல் இந்தக் குளத்தில மீனே இருக்கக்கூடாது, எங்கட சாதி பாவம் செய்யக்கூடாது எண்டு அது வரமும் கேட்டதாம். திருவிளையாடற் புராணத்தில வாறது. "அது பட்டினி கிடந்து முத்தி வாங்கினது. நீங்க பட்டினி கிடந்து தடிமன் வாங்கியிருக்கிறியள்" எண்டு புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் போட்டா.

ஏப்ரல் 16, புதன்

விடிய 6 மணிக்கு அவன்தான் என்னை எழுப்பினான். பெத்தகான ஈரநிலப் பூங்கா, பிட்டகோட்டேயில. இண்டைக்குத் திறந்திருந்தது. உள்ள போனா பலகைப் பாதை, ரெண்டு பக்கமும் சதுப்பு, நுளம்பு. நுளம்பு எண்டா சாதாரண நுளம்பு இல்ல, என்ட ஜீன்ஸுக்கு மேலால குத்தினது. மருந்து கொண்டு போங்க, இந்தப் பதிவில இருக்கிற ஒரே உருப்படியான அறிவுரை இது.

பாதை முடிவில ஒரு பெரியவர், 70 தாண்டியிருக்கும், தொப்பி, பிளாஸ்க், மடியில பழைய பைனாகுலர். எங்களைப் பாத்ததும் உதட்டில விரலை வைச்சுக் காட்டினார். பத்தடி தூரத்தில, சேத்தில, நத்தைகுத்தி நாரை. ரெண்டு. ஒண்டு பெரிசு, மற்றது இளசு.

இவ்வளவு கிட்ட நான் எந்தப் பறவையையும் பாத்ததில்ல. பெரிசின்ட சொண்டு மூடியிருக்கு, ஆனா நடுவில ஓட்டை. ரெண்டு சொண்டும் நுனியில முட்டுது, அடியில முட்டுது, இடையில வெளிச்சம் தெரியுது, பாக்குவெட்டி மாதிரி. தண்ணிக்குள்ள தலையை விட்டு ஒரு நத்தையை எடுத்தது, கீழ்ச்சொண்டு நுனியை மூடிக்குள்ள குடுத்து ஏதோ வெட்டி ஒரு உதறு, சதை மட்டும் நெளிஞ்சு தொண்டைக்குள்ள போச்சு, கோது தண்ணியில மிதக்குது, உடையேல்ல. இளசின்ட சொண்டில அந்த இடைவெளியே இல்ல, நேரா மூடுது, சாதாரண குருவிச் சொண்டு மாதிரி. பிறக்கேக்க ஓட்டை இல்லயாம், வளர வளரத்தான் வருமாம். அது ஒரு நத்தையைத் தூக்கிச்சு, நழுவிச்சு, தூக்கிச்சு, நழுவிச்சு. அஞ்சாறு தரம். பெரிசு திரும்பியும் பாக்கேல்ல. கடைசியில பாதிச் சதையோட எப்பிடியோ முழுங்கிச்சு. மருமகன் மூச்சே விடேல்ல, போன்ல படம் எடுக்கவும் இல்ல, கொப்பியில பென்சிலால கீறினான். அவன் கீறுவான் எண்டே எனக்குத் தெரியாது.

பெரியவர் பிளாஸ்க் மூடியில எங்களுக்கும் இஞ்சித் தேத்தண்ணி ஊத்தினார். பாதித் தமிழ், பாதி இங்கிலீஷ், இடைக்கிடை சிங்களம். "புத்தா (மகன்), எந்த ஊர்?" யாழ்ப்பாணம் எண்டதும் சந்தோசம். "அப்ப இங்கயிருந்து உங்கட ஊருக்கு ஒரு குருவி போனது தெரியுமா?" நான் முழிச்சன். இந்தப் பக்கம்தான் பழைய கோட்டே ராசதானி, 15ஆம் நூற்றாண்டில. அந்தக் காலத்தில சிங்களத்தில பறவையைத் தூது விடுற பாட்டு நிறைய வந்ததாம், கிளி, புறா, அன்னம், நாகணவாய். அதில ஒண்டு குயில் விடு தூது, தெற்கில தெவிநுவரயில இருந்து கோட்டேயைத் தாண்டி யாழ்ப்பாணத்தில இருக்கிற சபுமல் குமாரயவுக்கு. மருமகன் டக்கெண்டு, "செண்பகப் பெருமாள்! எங்கட வரலாற்றுப் புத்தகத்தில இருக்கு, யாழ்ப்பாணத்தைப் பிடிச்ச ஆள்". பெரியவர் தலையை ஒரு பக்கம் சரிச்சு, "ஓ, பிடிச்சவர்தான்" எண்டு மெல்லமாச் சொன்னார். கொஞ்ச நேரம் நுளம்புச் சத்தம் மட்டும்.

பிறகு நான்தான் எங்கட நாரையைச் சொன்னன், சத்திமுத்தப் புலவர்ட. மதுரையில குளிரில ஒடுங்கிப்போய்க் கிடக்கிற ஏழை, ஊருக்குப் போற நாரையிட்ட மனுசிக்கு செய்தி சொல்லி விடுறார். "பழம்படு பனையின் கிழங்கு பிளந்தன்ன பவளக் கூர்வாய்ச் செங்கால் நாராய்". பனங்கிழங்கு எண்டதை எப்பிடி விளங்கப்படுத்துறது எண்டு நான் தடுமாற, மருமகன் ரெண்டு விரலையும் நுனியில சேத்து நடுவில விரிச்சுக் காட்டினான், அவிச்ச கிழங்கை நகத்தால கீறிப் பிளக்கிற மாதிரி. "இப்பிடி. நீட்டா, நுனி கூரா." பெரியவர் விரலைப் பாத்தார், நத்தைகுத்தியைப் பாத்தார், சிரிச்சார். பாட்டில வாறது செங்கால் நாரை, அது இந்தச் சதுப்பில நிக்கிற ஆள் இல்ல, ஆனா எனக்கு இவ்வளவு வருசமா அந்த வரி வெறும் மனப்பாடம், கிழங்கு ஒரு பக்கம் சொண்டு ஒரு பக்கம். பனங்கிழங்கு திண்டு வளந்த பெடியன் விரலால காட்டத்தான் ரெண்டும் ஒட்டிச்சுது. (வெள்ளைக்காரன்ட கதையில நாரை பிள்ளையைத் துணியில கட்டிக் கொண்டு வாறது, கனடாச் சித்தி அனுப்புற வாழ்த்து மட்டையில எல்லாம் அதுதான். எங்கட நாரை மனுசிக்கு கடிதம் கொண்டு போறது. சம்பளம் ரெண்டுக்கும் இல்ல.)

வெளிக்கிடேக்க பெரியவர் சொன்னது: 2018ல உலகத்தில முதல் தரமா 18 நகரத்துக்கு ராம்சார் ஈரநில நகரம் எண்டு பட்டம் குடுத்தவங்களாம், அதில கொழும்பும் ஒண்டு. மீன்பிடிப் பூனை கூட இந்தச் சதுப்புகளில இருக்காம். எனக்கு வெள்ளவத்தைக் கால்வாயில கபரக்கொய்யா (தண்ணி உடும்பு) மட்டும்தான் தெரியும், அதுவும் ஓடித் தப்பினதால.

மத்தியானம் நுகேகொடையில ஒரு கடை திறந்திருந்தது, சோறும் மீனும் 450, பருப்பு ரெண்டாம் தரம் கேக்காமலே போட்டாங்கள். ஓட்டோவுக்குள்ள மருமகன் பட்டியல் போட்டான்: கொக்குவில், கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், எங்கட பக்கம் பாதி ஊர் கொக்குதான் மாமா. கொக்கட்டிச்சோலையையும் சேத்தான். அது கொக்கட்டி மரம்டா எண்டு வெட்டினன். ரெண்டு நாளில நான் அவனைத் திருத்தின ஒரே இடம், எழுதாம விட மனம் வரேல்ல.

ஏப்ரல் 17, வியாழன்

இண்டைக்குப் போன இடத்தைச் சொல்லமாட்டன். கொழும்புச் சுற்றுவட்டத்துக்குள்ளதான். பெரியவர் துண்டில எழுதித் தரேக்க வாங்கின சத்தியம், சொன்னா நாளைக்கு பத்துப் பேர் ட்ரோனோட போய் நிப்பீங்க.

ஒரு ஒழுங்கை, ஒழுங்கை முடிய தண்ணி, தண்ணிக் கரையில பெரிய மரம், மரத்தில ஒம்பது கூடு. கிட்டப் போக முதலே மணம். நாத்தம் எண்டுதான் சொல்லோணும், அழுகின மீனும் கோழிக்கூடும் சேந்த நாத்தம். சத்தம் அதைவிட. ஆட்டுக்குட்டியும் தவளையும் ஒண்டா அழுத மாதிரி, நிப்பாட்டாம. குஞ்சுகள். வெள்ளைப் பஞ்சு உருண்டை, அதில பொருத்தமில்லாத நீளச் சொண்டு. சிலதுக்கு பழுப்பு இறகு முளைச்சு, கூட்டு விளிம்பில நிண்டு செட்டை அடிச்சுப் பாக்குது, பறக்குதில்ல.

தாய் வந்து இறங்கிச்சு, தகப்பனோ தெரியாது. குஞ்சுகள் கழுத்தை நீட்டிக் கத்த, குனிஞ்சு கூட்டுக்குள்ள மீனைக் கக்கிச்சு, நாலஞ்சு. ஒரு மீன் தவறி கொப்பில பட்டு கீழ விழுந்தது, நேரா என்ட தோளில. பாதி கரைஞ்ச மீன். மருமகன் நிலத்தில இருந்து சிரிச்சான், எழும்பேலாம. நான் கழுவத் தண்ணி தேடிப் போய் ஒரு கால் சேத்துக்குள்ள முழங்கால் மட்டும், செருப்பு வரேல்ல, இன்னும் அங்கதான் இருக்கு.

மரத்துக்குப் பக்கத்து வீட்டு அக்கா குழாயடியைக் காட்டினா, செருப்பும் தந்தா, மனுசன்டயாம், ரெண்டும் இடது கால். ஹற்றன் பக்கத்து ஆள், கல்யாணம் கட்டி இங்க வந்து ஆறு வருசமாம். கொடியில உடுப்புக்கு மேலால பழைய ஷீற் கட்டியிருந்தது. "என்ன பண்றது அண்ணே, வெளுத்துப் போட்டா மறுபடி வெளுக்கணும்". மரத்தை வெட்ட நினைக்கேல்லையோ எண்டன். "அவரு ஆள் கூட்டியாந்துட்டாரு, கத்தியோட. அப்ப பாப்பா வயித்துல, ஏழு மாசம். மேல பாத்தா அதுங்களும் குஞ்சோட உக்காந்திருக்கு. இதை வெட்டிட்டு நான் எப்புடி ஆசுபத்திரிக்கு போறதுன்னு கேட்டேன். அவரு கத்திய வச்சிட்டாரு." பாப்பாவுக்கு இப்ப நாலு வயசு, கதவுக்குப் பின்னால நிண்டு எங்கட இடது கால் செருப்பைப் பாத்துச் சிரிச்சுது.

12 மணி வெயில். ஒரு கூட்டில தாய் சூரியனுக்கு முதுகைக் காட்டி ரெண்டு செட்டையையும் விரிச்சு நிக்குது, கீழ அந்த நிழலுக்குள்ள மூண்டு குஞ்சு. 40 நிமிசம் நாங்கள் பாத்தம், அது அசையேல்ல. வாய் திறந்து மூச்சு வாங்குது. மற்ற நாரை தண்ணி கொண்டுவந்து குஞ்சுகள் மேல கக்கிச்சு, ஷவர் மாதிரி. மருமகன் அப்பதான் சொன்னான், வளந்த நாரைக்கு குரலே இல்லாத மாதிரித்தானாம், கூட்டில சொண்டை டக டக எண்டு தட்டுறது மட்டும்தானாம். குஞ்சில இந்தக் கத்து கத்திப்போட்டு, வளந்த பிறகு மௌனம். "ஏன் மாமா அப்பிடி?" எண்டான். எனக்கென்ன தெரியும், "உன்னைத்தான் கேக்கோணும்" எண்டன். கொஞ்ச நேரம் என்னைப் பாத்திட்டு பைனாகுலரைத் தூக்கிக்கொண்டான்.

ராத்திரி நுளம்புக் கடியைச் சொறிஞ்சுகொண்டு ரெண்டு பேரும் போன்ல தேடினம், இண்டைக்கு போனை நான் பறிக்கேல்ல. அஸ்ஸாமில ஹர்கிலா எண்டு ஒரு பெருநாரை, எலும்பு முழுங்கி எண்டு அர்த்தம். அவலட்சணம், நாத்தம், அபசகுனம் எண்டு சனம் கூடு இருந்த மரங்களை வெட்டினவை. பூர்ணிமா தேவி பர்மன் எண்டவ ஊர்ப் பொம்பிளையளைச் சேத்து, அந்த நாரைக்கு வளைகாப்பு செய்யப் பழக்கியிருக்கிறா! உண்மையா, பாட்டு, பலகாரம் எல்லாத்தோடயும். மரத்துக்குக் கீழ வலை கட்டி விழுற குஞ்சுகளைப் பிடிக்கினம், சேலையில ஹர்கிலாவை நெய்யினம். 2022ல ஐநா சுற்றாடல் விருதும் அவவுக்குக் கிடைச்சிருக்கு. திருநெல்வேலிக் கூந்தன்குளத்தில ஊருக்குள்ள வீட்டு மரங்களிலயே நாரை கூடு கட்டுதாம், சிவகங்கை வேட்டங்குடிப் பக்கம் குஞ்சு பயப்படும் எண்டு தீபாவளிக்கு வெடியே கொளுத்துறேல்லயாம். அம்மா பக்கத்தில இருந்து கேட்டுக்கொண்டிருந்தவ, "வளைகாப்புக்கு அந்த ஹற்றன் பிள்ளைக்கு ஒரு சேலை குடுக்கலாமே" எண்டா. செருப்பும் திருப்பிக் குடுக்கோணும்.

அக்கா எடுத்தவ. மருமகன் பல்கனியில நிண்டு 50 நிமிசம் கதைச்சான். மீன் விழுந்த கதை மட்டும் ரெண்டு தரம்.

ஏப்ரல் 18, வெள்ளி

பெரிய வெள்ளி. எங்கயும் போகேல்ல, காலெல்லாம் நோ. விடிய கால்வாய்ப் பாலத்தில பாண் வாங்கப் போகேக்க ஒரு வெள்ளைக் கொக்கு குப்பைக்கு நடுவில அசையாம நிண்டது, உறுமீனுக்குத்தான். பக்கத்தில பழுப்பா ஏதும் நிக்குதோ எண்டு நானாப் பாத்தன். இல்ல.

இரவு ஒம்பதரை பஸ் வெள்ளவத்தையில இருந்து வெளிக்கிட பதினொண்டேகால். ஏன் எண்டு ஒருத்தரும் சொல்லேல்ல. பெடியன் கொப்பியை பாக்குக்குள்ள வைக்கேல்ல, கையில வைச்சிருந்தான். அம்மா கட்டிக் குடுத்த இடியப்பப் பார்சலை பஸ் வெளிக்கிட முதலே பிரிச்சிட்டான்.

அடுத்த நாள் காலை 7.10க்கு போன்ல செய்தி, அவனிட்ட இருந்து. "மாமா ஆனையிறவு. தண்ணியில நாரை நிறைய நிக்குது. பழுப்பு எத்தின எண்டு எண்ண பஸ் விடேல்ல, 11 மட்டும் எண்ணினான்." பிறகு இன்னொண்டு: "எண்ணினன்*"